மங்கலதேவி மலைக்கு நடந்து செல்ல விரும்பும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து நம் தேனி மாவட்டத்துக்குள் நுழைந்தது முதல், கூடலூருக்கு அப்பால் சாலை வளைந்து வளைந்து குமுளிக்கு ஏறுகிற வரையில், மலைகள் நம்மை விட்டு அகல்வதே இல்லை. மேற்கே ஒரு தொடரும் கிழக்கே வருசநாடு மேகமலைத் தொடரும் காவல் நிற்க, அவற்றின் நடுவே நெல்லும் திராட்சையும் வாழையும் விளையும் பள்ளத்தாக்கில் பிறந்து, வகுப்பறையிலோ கடையிலோ அலுவலகத்திலோ அமர்ந்து தொழில் செய்து, நடுவயதை எட்டிவிட்ட நம்மிற் பலர், அந்த மலைகளின் மீது ஒருநாளேனும் கால் வைத்து ஏறியதில்லை. ஆயினும் ஆண்டுதோறும் பங்குனி பிறந்ததும், சித்திரைப் பௌர்ணமியன்று கண்ணகி கோயிலுக்கு நடந்தே போனால் என்ன என்ற ஆசையும், நம்மால் அது ஆகுமா என்ற ஐயமும் ஒருசேர எழுகின்றன. அந்த ஆசையை வளர்க்கவும், அந்த ஐயத்துக்கு நேர்மையான விடை கூறவுமே இம்மடலை எழுதுகிறேன்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேக ஆரோக்கியம் உள்ள எவராலும் அம்மலையில் ஏற முடியும். ஆனால் அம்மலை நம்மிடம் கேட்பது பலத்தை அன்று, நிதானத்தை. ஆயத்தத்திலும், ஏறும்போதும், சிதிலங்களின் நடுவே நிற்கும்போதும், இறங்கும்போதும் நிதானத்தைக் கைவிடாதவருக்கு அந்த ஒரு நாள் வாழ்நாள் முழுவதும் நிலைத்திருக்கும் பேறாக அமையும். அதைக் கைவிடுகிறவருக்கோ, அவர் எத்தனை வலிமை படைத்தவரானாலும், அது வெறும் துன்பமாகவே முடியும்.

மங்கலதேவி கோட்டம் எனப் பெயர் பெற்ற இக்கோயில், தமிழகமும் கேரளமும் சந்திக்கும் எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகத்தின் அடர்ந்த வனத்தினூடே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் ஒரு மலைமுகட்டின் மீது இருக்கிறது. ஆண்டில் மற்றெல்லா நாட்களிலும் யானைக்கும் காட்டெருமைக்கும் உரியதாகிய அப்பிரதேசம், சித்திரைப் பௌர்ணமி ஒரு நாள் மட்டும் பக்தர்களுக்குத் திறந்துவிடப்படுகிறது. குமுளியிலிருந்து கொக்கரக்கண்டம் வழியாக ஏறத்தாழ 14 கிலோமீட்டர் ஜீப்பில் செல்வது ஒரு வழி. கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பின் அருகில், பளியர் குடிமக்கள் வாழும் பளியன்குடியிலிருந்து 6.6 கிலோமீட்டர் காட்டுப்பாதையில் நடந்து ஏறுவது மற்றொரு வழி. தூரத்தைக் கேட்டால் எளிதாகத் தோன்றும். ஆனால் அத்தூரத்துக்குள் நாம் 800 மீட்டருக்கு மேல் உயரம் ஏற வேண்டியிருக்கிறது என்பதையும், ஏறிய அவ்வளவையும் அன்றே இறங்கியாக வேண்டும் என்பதையும் கணக்கிற் கொண்டால்தான் அப்பிரயாணத்தின் மெய்யான அளவு புலப்படும்.

ஜீப்பில் சென்று தரிசித்து வருவதில் குறைவொன்றும் இல்லை. முதியோருக்கும், கைக்குழந்தையை ஏந்திய தாய்மாருக்கும், மூட்டுவலி உள்ளவர்களுக்கும் அதுவே உசிதமான வழி. எனினும், நடக்கக் கூடியவர்கள் நடந்தே போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கண்ணகியின் சரித்திரமே நடையின் சரித்திரம். புகார் நகரத்துப் பெருவணிகர் குடியிற் பிறந்து, மாடமாளிகைக்கு வெளியே நெடுந்தூரம் நடந்தறியாத அப்பெண், கணவனுடன் ஊரை விட்டுப் புறப்பட்ட சிறிது தூரத்திலேயே கால் சோர்ந்து, மதுரை மூதூர் எங்கே இருக்கிறது என்று கேட்டதாகவும், அவளது பேதைமையைக் கண்டு கோவலன் துயரை அடக்கிச் சிரித்ததாகவும் சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை கூறுகிறது. மதுரையோ அங்கிருந்து முப்பது காத தூரம். அவ்வளவையும் நடந்து, மதுரையில் கணவனை இழந்து, அந்நகரை எரித்த பின், வைகையின் கரையோடு மேற்கு நோக்கித் தன்னந்தனியே நடந்து, மலையேறி ஒரு வேங்கை மரத்தின் நிழலில் நின்றவள் அதே பெண்தான். நடந்து பழகாத ஒருத்தியின் பாதங்களே அந்தக் காவியத்தைப் புகாரிலிருந்து மலை வரையிலும் சுமந்து வந்திருக்கின்றன. ஆகவே, நடந்து பழகாத நாம் அவளைக் காண நடந்து செல்வதில் ஒரு தனிப் பொருத்தம் இருக்கிறது.

மதுரை எரிந்த பின் பதினான்காம் நாள் மாலையில், வானவூர்தியில் வந்த கோவலனோடு அவள் விண்ணேறியதைக் குன்றக்குறவர் கண்டனர் என்றும், பெரியாற்றங்கரையில் மலைவளம் காண வந்து தங்கியிருந்த சேரன் செங்குட்டுவனிடம் அச்செய்தியை அவர்கள் கூறினர் என்றும், அரசி வேண்மாளின் விருப்பத்துக்கிணங்க அவன் இமயத்துக் கல்லைக் கொணர்ந்து கண்ணகிக்குக் கோயில் எடுத்தான் என்றும் வஞ்சிக் காண்டம் விவரிக்கிறது. அக்கோயில் எடுத்த விழாவில் கலந்துகொண்ட மன்னருள் இலங்கைக் கயவாகுவும் ஒருவன். சங்க காலத்தைக் கணிப்பதற்கு இச்செய்தியையே ஆதாரமாகக் கொண்ட சரித்திர ஆசிரியர்கள் பலர். ஈழத்தின் கிழக்குக் கரையிலே மட்டக்களப்புத் தமிழ் மக்கள் வைகாசி மாதத்தில் கண்ணகி அம்மனுக்குச் சடங்கு நடத்துகிறார்கள். சிங்கள மக்கள் பத்தினி தெய்வமென அவளை வழிபடுகிறார்கள். கடல் கடந்தும் இத்தனை பேரின் வணக்கத்தைப் பெற்ற ஒருத்தியின் கதை, நாம் அன்றாடம் பேருந்தில் கடந்துபோகும் மலையோடு சேர்த்துப் பேசப்படுகிறது என்பதை நம் பிள்ளைகளிற் பலர் அறியார்.

இம்மலையே அக்குன்றம் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டதில்லை. செங்குட்டுவன் எடுத்த கோயில் கொடுங்கல்லூரில் உள்ளதே எனக் கொள்வாரும் உண்டு. சேரரின் தலைநகராகிய வஞ்சி எது என்பதிலேயே அறிஞரிடையே நெடுங்கால விவாதம் உண்டு. ஆயினும், பேராசிரியர் சி. கோவிந்தராசனார், கண்ணகி சென்ற வழியைக் காவியம் தரும் குறிப்புகளைக் கொண்டு தாமும் நடந்து ஆராய்ந்து, 1963-ஆம் ஆண்டில் இக்கோட்டத்தைக் கண்ணகி கோட்டமென அடையாளம் காட்டினார். ஏட்டையும் நிலத்தையும் ஒருங்கே வாசித்த அந்த முயற்சிக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அவருடைய ஆராய்ச்சியின் மெய்ப்பொருளை உணர வேண்டுமானால், வைகையின் சமவெளி எங்கே முடிகிறது, மலை எங்கே எழுகிறது, ஏறுகிறவருக்கு நிழல் எங்கே கிடைக்கிறது என்பனவற்றைத் தம் கால்களால் அறிந்திருக்க வேண்டும்.

இனி, ஆயத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன். சித்திரையில் ஏற விரும்புகிறவர் மாசியிலேயே நடக்கத் தொடங்க வேண்டும். முதற்கண் காலையில் அரைமணி நேரம் சமதரையில் நடந்து, சில வாரங்களில் அதை ஒரு மணி நேரமாக்கி, அதன்பின் படிக்கட்டுகளிலும் சிறு குன்றுகளிலும் ஏறி இறங்கப் பழகுவது நன்று. பெரியகுளத்தை அடுத்த கைலாசபட்டியில் கைலாசநாதர் மலைக்கோயில் இருக்கிறது. அந்தப் பக்கத்தவர்கள் வாரத்தில் ஒரு நாள் அங்கே ஏறி இறங்கினால், கும்பிட்டதுமாகும், கால்கள் பழகியதுமாகும். ஏறுவதைப் போலவே இறங்குவதையும் பழக வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சுமக்கப்போகும் பையை நீரும் உணவும் நிரப்பி முதுகிலிட்டு நடந்து பார்க்க வேண்டும். அணியப்போகும் செருப்போ காலணியோ புதியதாக இருத்தல் கூடாது. இதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு, மூச்சிரைப்பு ஆகியவற்றுள் ஏதேனும் உள்ளவர்கள் தம் வைத்தியரைக் கலந்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். கோவை வெள்ளியங்கிரியில் இதய நோயாளர்கள் ஏற வேண்டாமென்று வனத்துறை எச்சரிப்பது வெறும் சம்பிரதாயத்துக்காக அன்று; மலையில் உயிர்கள் போன அனுபவத்தினால்தான்.

மலையைக் குறித்த அச்சமும் ஓரளவுக்கு அவசியமே. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், நம் போடி மலைகளில் குரங்கணிக்கு மேலே, மலையேற்றத்துக்கு வந்த இளைஞர்களும் பெண்களும் காட்டுத்தீயின் நடுவே சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். கோடையில் காய்ந்து நிற்கும் போதைப்புல்லில் தீ பற்றினால், அது மலைச்சரிவில் மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதரின் கால் ஈடு கொடுக்காது. நாம் ஏறப்போகும் சித்திரையும் அதே கோடைதான்; நம் மலையும் அதே புல்லைத் தன் முகட்டிற் கொண்டதுதான். ஆகவே தீப்பெட்டி, பீடி, சிகரெட் ஆகியவற்றை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு ஏறுவது சட்டத்துக்கு அஞ்சிச் செய்யும் காரியமாக இல்லாமல், குரங்கணியில் மறைந்தவர்களுக்கு நாம் செலுத்தும் மரியாதையாகவே இருக்க வேண்டும். விழாவுக்கு முன்பாகத் தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் கூடிப் பேசி, எந்நேரம் முதல் ஏறலாம், எந்நேரத்துக்குள் இறங்க வேண்டும், எவற்றைக் கொண்டுசெல்லக் கூடாது என்று அறிவிப்பு வெளியிடுவார்கள். அதை முழுவதும் படித்துக் கடைப்பிடிப்பதை நம் யாத்திரையின் முதல் விரதமாகக் கொள்ளலாம். மற்ற நாட்களில், அனுமதியின்றி, யாரோ வழி காட்டுகிறேன் என்று கூறியதை நம்பி அக்காட்டுக்குள் நுழைவது ஒருக்காலும் கூடாது.

அன்று விடியுமுன்பே பளியன்குடியை அடைந்து, வாயில் திறந்ததும் ஏறத் தொடங்கிவிட வேண்டும். அவ்விடத்துக்கு அருகில்தான், 1895-இல் திறக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக வந்து, மின்சாரம் தந்துவிட்டு நம் வயல்களுக்கு இறங்குகிறது. அணையைக் கட்டிய பென்னிகுக்கின் மணிமண்டபமும் லோயர் கேம்ப்பிலேயே இருக்கிறது. செங்குட்டுவன் கரையிலே தங்கியதாகக் காவியம் கூறும் ஆறு இன்று நம் நெல்லுக்குப் பாய்கிறது என்ற நினைவோடு முதல் அடியை எடுத்து வையுங்கள்.

முதல் ஒரு மணி நேரமே பழகாதவருக்கு மிகுந்த சோதனை. விடியற்காலைக் குளிர்ச்சியிலும், கூட்டத்தின் உற்சாகத்திலும், கால்கள் தாமாகவே விரைந்து செல்லும். இளைஞர் சிலர் குரவையிட்டுக்கொண்டே நம்மைக் கடந்து ஓடுவார்கள். அவர்களோடு போட்டியிட்டு ஏறியவர்களே பாதி வழியில் பாறை மீது சாய்ந்து, முகம் வெளிறி அமர்ந்திருப்பதைப் பிற்பாடு காணலாம். எவ்வளவு வேகத்தில் ஏறலாம் என்பதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு: பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடியவில்லையானால் நடையைத் தளர்த்துங்கள். செங்குத்தான இடங்களில் அடியைச் சிறிதாக்கி, உள்ளங்கால் முழுவதும் தரையிற் படும்படி ஊன்றி ஏறினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளாது. தாகம் எடுக்குமுன்பே இரண்டு மிடறு நீர் பருகுங்கள். வெறும் நீரை மட்டும் குடித்துக்கொண்டிருப்பதைவிட, உப்பிட்ட எலுமிச்சைச் சாறும் நீர்மோரும் நல்லவை. வியர்வையில் வெளியேறும் உப்பு உடம்புக்குத் திரும்பினால்தான் சோர்வு நீங்கும். உணவுக்கு நம் ஊர்ப் புளியோதரையைவிடச் சிறந்த கட்டுச்சோறு வேறில்லை. அதை இலையிலோ எவர்சில்வர் டப்பாவிலோ எடுத்துச் செல்லுங்கள், பிளாஸ்டிக் பையில் வேண்டாம்.

மரங்களின் அடர்த்தி குறைந்து, புல்வெளி திறந்துகொள்ளும் உயரத்தை அடைந்ததும் திரும்பிப் பார்க்க வேண்டும். நாம் வாழும் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே பார்வையில் அங்கே தெரியும். கூடலூரும் கம்பமும் வீடுகளின் திரளாகவும், ஆற்றங்கரை வயல்கள் பசுமையான ஒரு நீண்ட பட்டையாகவும் விரிந்து கிடக்க, நாம் தினமும் பெரிதென எண்ணிய தூரங்களெல்லாம் கைக்கடக்கமாகத் தோன்றும். ஜீப்பில் வந்தவருக்கும் அக்காட்சி கிடைக்கும். ஆனால் வயலிலிருந்து முகடு வரையிலும் உள்ள ஒவ்வோர் அடியையும் தம் மூச்சினால் அளந்து வந்தவருக்கு அது தம் சொந்த மண்ணாகவே தெரியும்.

கோட்டத்தை அடைந்ததும், தரிசன வரிசையிற் சேருமுன் சிறிது ஒதுங்கி நின்று, அதன் சுவர்களை உற்று நோக்குங்கள். சாந்து இல்லாமல், பெருங்கருங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுவர்கள் அவை. இரண்டு கற்கள் கூடும் விளிம்பைக் கவனித்தால், அவற்றைப் பிணைத்து நிற்பது அவற்றின் எடையும் அவற்றைச் செதுக்கிய கையின் நுட்பமும் மட்டுமே என்பது தெரியும். சில இடங்களில் அவ்விடுக்கிலே வேர் நுழைந்து கல்லை நெகிழ்த்தியிருக்கிறது. சில இடங்களில் மேற்கூரை இடிந்து, அதன் பலகைக் கற்கள் புல்லின்மீது சாய்ந்து கிடக்கின்றன. சோழர், பாண்டியர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே கிடைத்திருக்கின்றன. இத்தனை உயரத்துக்கு இக்கற்களை ஏற்றி அடுக்கியவர்களின் பெயர்களை நாம் அறியோம். ஆனால் கையில் ஒரு தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுமந்து ஏறவே மூச்சு முட்டிய நமக்கு, அவர்களுடைய பிரயத்தனத்தின் அளவு எந்தப் புத்தகத்தைக் காட்டிலும் தெளிவாக அவ்விடத்தில் விளங்கிவிடும்.

அன்பர்களே, என் நெஞ்சில் இருக்கும் பெரிய கவலையை இங்கே சொல்ல வேண்டும். சாந்தின்றி நிற்கும் சுவரில் ஒருவர் ஏறி அமர்ந்தால் அது சரிவதற்கு அதிக நேரம் ஆகாது. படம் எடுத்துக்கொள்வதற்காகச் சுவர்மீது ஏறுவதும், எழுத்துள்ள கல்லில் குங்குமமும் எண்ணெயும் பூசுவதும், பெயரைக் கீறுவதும், உடைந்த சிற்பத் துண்டை நினைவுக்கென்று பையிற் போட்டுக்கொள்வதும் பக்தியின்பாற் பட்டவை அல்ல. நூறாண்டு மழையும் வேரும் செய்யாத சேதத்தை, ஒரு பகற்பொழுதில் வந்துபோகும் ஆயிரக்கணக்கானோர் அறியாமையால் செய்துவிடக் கூடும். பச்சை வளையலையும் மஞ்சட் கயிற்றையும் பிரசாதமாகப் பெற்று வாருங்கள். அதற்கு மேல் அம்மலையிலிருந்து ஒரு கூழாங்கல்லும் நமக்கு உரியதன்று. தமிழக முறையிலும் கேரள முறையிலும் அங்கே பூஜைகள் நடக்கின்றன. எல்லையைப் பற்றிய வழக்கு இரு மாநிலங்களுக்கிடையே நெடுநாளாக இருந்துவருவது உண்மைதான். அதைத் தீர்க்க வேண்டிய மன்றங்கள் வேறு. வரிசையில் நமக்கு முன்னே நிற்கும் மலையாளத்துச் சகோதரியும் அதே பத்தினியைத் தொழவே ஏறி வந்திருக்கிறாள் என்பதை மறந்து ஒரு கடுஞ்சொல் கூறினாலும், நீதி கேட்டு நின்ற ஒருத்தியின் சந்நிதிக்கு அது அடாது.

நண்பகல் கடந்ததும் இறங்கத் தொடங்கிவிடுங்கள். சித்திரை மாதத்தில் பிற்பகலில் மேகம் திரண்டு இடியுடன் மழை இறங்குவது மலையில் சாதாரணம். திறந்த புல்வெளியில் மின்னலுக்கு நடுவே நிற்பது அபாயகரமானது. ஏறும்போது நெஞ்சும் மூச்சும் உழைக்கின்றன. இறங்கும்போது உடம்பின் பாரம் முழுவதையும் தொடைகளும் முழங்கால்களும் ஒவ்வோர் அடியிலும் தாங்கித் தடுக்க வேண்டியிருக்கிறது. பழகாத கால்கள் நடுங்கத் தொடங்குவது அப்போதுதான். வீழ்ச்சிகளிற் பெரும்பாலானவை, தரிசனம் முடிந்ததென்ற நிம்மதியில், வீடு திரும்பும் அவசரத்தில் நேர்பவை. சரளைக்கல் கிடக்கும் சரிவில் முழங்காலைச் சற்று மடக்கி, பாதத்தைக் குறுக்குவாட்டில் வைத்து, கம்பைத் தாழ்ந்த பக்கத்தில் ஊன்றி, அது பிடித்த பின்னரே அடுத்த காலை எடுங்கள். ஒரு குழுவாக வந்தவர்கள் தம்மிற் சோர்ந்தவரை முன்னே விட்டு, அவருடைய நடைக்கு மற்றவர்கள் தங்கள் நடையை இசைத்துக்கொள்ள வேண்டும். கொண்டுசென்ற காகிதத்தையும் தோலையும் கொட்டையையும் பையிலேயே கீழே கொண்டுவாருங்கள். மறுநாள் அப்பாதை மறுபடியும் யானையின் பாதையாகிவிடும்.

பாதி வழியில், தம்மால் மேலே ஏற இயலாதென்று ஒருவருக்குத் தோன்றினால், அவர் அங்கேயே நின்று திரும்பிவிடலாம். மார்பில் இறுக்கமோ, தலைச்சுற்றலோ, வியர்வை நின்று உடம்பு காந்துவதோ கண்டால், நிழலில் அமர்ந்து, அங்கங்கே இருக்கும் மருத்துவ உதவியாளரை அழைக்க வேண்டும். உச்சியை அடையாத யாத்திரை வீண் என்று எண்ண வேண்டாம். தன் தேகத்தின் எல்லையை அறிந்து திரும்பியவரும் நிதானத்தைக் கடைப்பிடித்தவரே. அடுத்த சித்திரையில் அவர் மீண்டும் வரலாம்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இம்மடலைப் படிக்கும் ஆசிரியர்கள் தம் மாணவர்க்கு வஞ்சிக் காண்டத்தைச் சொல்லும்போது ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலையைச் சுட்டிக்காட்டிச் சொல்லுங்கள். பெற்றோர்கள் தம் பிள்ளைகளுள் நடக்க வல்லவர்களை உடன் அழைத்துச் செல்லுங்கள். வணிகர்களும் அலுவலர்களும் அந்த ஒரு நாளுக்கு விடுப்பெடுத்துக்கொண்டு, அதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே காலையில் எழுந்து நடக்கத் தொடங்குங்கள். புராதனச் சின்னமொன்றை ஓர் அரசாங்கமோ ஒரு துறையோ மட்டும் காத்துவிட முடியாது. அதைச் சிரமப்பட்டுச் சென்று கண்டு, அதன் அருமையை உணர்ந்து திரும்பிய சாதாரண மக்களின் தொகை பெருகினால்தான் அதற்குக் காவல் உண்டாகும். அந்தத் தொகையில் நீங்கள் ஒவ்வொருவரும் சேர வேண்டும் என்பதே என் ஆசை.

இங்ஙனம்,
தங்கள் நலம் விழையும்
கம்பம் பள்ளத்தாக்கு அன்பன்